டேங்க் ஆடாமல் ஓடுவது

ஜூன் 1, ஞாயிறு

இந்த நோட்டு என் முதுகுக்காக. பிசியோதெரபி செய்யும் பெண், "எப்பெல்லாம் வலிக்குது, என்ன பண்ணும்போது வலிக்குதுன்னு ஒரு மாசம் எழுதிட்டு வாங்க சார்" என்று சொல்லியிருக்கிறாள். படித்து முடித்ததிலிருந்து கட்டிங் டேபிள் மேல் குனிந்தே கிடப்பவனிடம், எப்போது வலிக்கவில்லை என்று எழுதச் சொல்லியிருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும்.

யார் முதுகு என்று நோட்டில் இருக்க வேண்டுமல்லவா? நாகமாணிக்கம், வயது நாற்பத்தேழு. திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் சாம்பிள் பிரிவு மாஸ்டர். எங்கள் பக்கத்தில் பெண் கிடைக்காமல் ஜாதகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வயசாகிப்போன மாப்பிள்ளைகளில் நானும் ஒருவன். போன தை மாதம்தான் கல்யாணம் ஆயிற்று. வசுமதி கணக்கு டீச்சர். முதல் கணவர் மாரடைப்பில் போய்ப் பல வருஷம் ஆகிறது. அவள் மகள் நிரஞ்சனா கோயம்புத்தூரில் கல்லூரி இரண்டாம் வருஷம், தினமும் ரயிலில் போய்வருகிறாள். ஆக, தாலி கட்டிய அன்றே எனக்குப் பெயின்ட்பால் ஆடும் வயசில் ஒரு பெண்.

பெயின்ட்பால் என்றால் துப்பாக்கியில் சாய உருண்டையைப் போட்டு ஒருவரையொருவர் சுட்டுக்கொள்வது. சாயம் பட்டவர் அவுட். சாயப்பட்டறை ஊரில் பிறந்தவனுக்கு, சாயத்தை இப்படிக் காசு கொடுத்து வீணடிக்கிறார்களே என்றுதான் முதலில் தோன்றியது. அவிநாசி பக்கம் ஒரு மைதானத்தில் அடுத்த மாதம் குடும்பக் கோப்பை நடக்கிறது. நாலு பேர் கொண்ட அணி, அதில் ஒருவர் வீட்டுப் பெரியவராக இருக்க வேண்டும். நிரு தன் தாய்மாமன் சிவநேசனைச் சேர்த்திருந்தாள். அவர் நேற்று மாடிப்படியில் கால் பிசகி இப்போது கட்டுப் போட்டுக் கிடக்கிறார்.

மத்தியானம் இதை வைத்து அம்மாவுக்கும் மகளுக்கும் பெரிய சண்டை. "நீ வாம்மான்னா வர மாட்டே, எப்பப் பாரு பேப்பர் திருத்தணும், பேப்பர் திருத்தணும்!" என்று அவள் கத்த, "வெய்யில்ல போயிச் சுட்டுக்கிட்டுச் சாகறதுக்கு நானொருத்தி வேறயா?" என்று இவள் கத்த, பக்கத்து வீட்டில் டிவியைக் குறைத்தே விட்டார்கள். நான் ரசத்தைப் பார்த்துக்கொண்டே, "நான் வேணா வரட்டுமா?" என்றேன். இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்," என்றாள் நிரு. அவ்வளவு மரியாதையாக.

"சிரமமெல்லாம் இல்ல கண்ணு."

"சரிங்க. தேங்க்ஸ்ங்க."

வலி: உண்டு. ரசம் ஊற்றக் குனிந்தபோது.

ஜூன் 8, ஞாயிறு

முதல் பயிற்சி. துப்பாக்கி காற்றில் வேலை செய்கிறது. அதற்கு அடைத்த காற்று ஒரு டேங்கில் வரும். மைதானத்தில் காற்று நிரப்பும் மெஷின் கெட்டுக் கிடப்பதால் கோயம்புத்தூரில் நிரப்பிக் கொண்டுவருகிறார்கள். ஆளுக்கு ஒரு டேங்க், அன்றைக்கு அவ்வளவுதான். அங்கே ஒரே ஒரு பெரிய டேங்க் இருக்கிறது. சின்னப் பிள்ளையின் தொடை அளவு இருக்கும். அதை யாரும் எடுப்பதில்லை, கனம். நிரு அதை எடுத்து என்னிடம் கொடுத்தாள்.

திட்டம் அவளுடையது. நான் பின்னால் டயர் அடுக்குக்குப் பின்னே நின்று விடாமல் சுட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எதிரிகள் தலையைத் தூக்க முடியாது. அந்த நேரத்தில் நிருவும் அவள் தோழிகள் ஹரிணி, ஷிஃபா இருவரும் முன்னால் ஓடி எதிர் அணியின் கொடியைப் பிடுங்குவார்கள், பிடுங்கினால் ஜெயம். "நீங்க ஓடவே வேண்டியதில்லைங்க, நின்னா போதும்," என்றாள். என்னை எடை போட்டுத்தான் சொல்கிறாள், தப்பில்லை.

டேங்கைத் துப்பாக்கியின் பின்னால் திருகினால் துப்பாக்கி அம்மிக்கல் மாதிரி கனக்கிறது. கொஞ்ச நேரத்தில் துப்பாக்கி முனை தரையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. ஷிஃபா சொன்னாள், டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு சுருள் குழாய் வழியாகத் துப்பாக்கிக்குக் காற்றுக் கொண்டுவரலாமாம். குழாய் மைதானத்திலேயே இருக்கிறது. முதுகில் மாட்டும் பட்டைதான் இல்லை.

"பட்டைதானே? அதை என்கிட்ட விட்டுப் போடுங்க," என்று சொல்லி, அளவு பார்க்க டேங்கையும் கேட்டு வாங்கி வந்தேன். எத்தனை நாட்டுக்காரன் தோளுக்கு அளவு வெட்டியிருக்கிறேன், ஒரு டேங்குக்கு வெட்ட மாட்டேனா?

வலி: நல்ல வலி. கை, தோள், முதுகு, எல்லாம்.

ஜூன் 12, வியாழன்

முதல் சாம்பிள் தயார். சாம்பிள் டெய்லர் சகுந்தலா அக்கா தைத்தார். டேங்குக்கு ஒரு பை, இரண்டு தோள்பட்டை, இடுப்புக்கு எலாஸ்டிக். கம்பெனியில் இருப்பதிலேயே கனமான ரிப் பனியன் துணியை எடுத்தேன். அடர் நீலம், பை மடிப்பில் இரட்டைத் தையல். மேனேஜர் பார்த்து எந்தப் பையருக்கு, வாங்கப்போகும் கம்பெனி எது என்று கேட்டார். "நிரஞ்சனா," என்றேன். புதுப் பையர் என்று நினைத்துக்கொண்டு போனார்.

ஜூன் 15, ஞாயிறு

எழுதவே கூச்சமாக இருக்கிறது. திருப்பூர்க்காரனைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டான். பனியன் துணி இழுபடும். அதுதான் அதன் அழகு, அதற்காகத்தான் உலகமே நம்மிடம் வாங்குகிறது. கழுத்து வழியாகத் தலை நுழைய வேண்டும், கை நீட்டினால் நீள வேண்டும். இரும்புக் கனத்தை அதில் தொங்கவிட்டால் என்ன ஆகும் என்று எனக்கும் தோன்றவில்லை, சகுந்தலா அக்காவுக்கும் தோன்றவில்லை.

மாட்டும்போது டேங்க் தோளுக்கு நடுவில் கச்சிதமாக இருந்தது. முதல் ஆட்டம் முடிவதற்குள் இடுப்புக்கு வந்துவிட்டது. இரண்டாவது ஆட்டத்தில் பின்பக்கத்துக்குக் கீழே இறங்கி, நான் எட்டு வைக்கும்போதெல்லாம் இடம், வலம், இடம், வலம் என்று ஆடித் தொடையில் அடித்தது. ஹரிணி தரையில் உட்கார்ந்துவிட்டாள். நிரு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சிரிக்கும்போது வசுமதி மாதிரியே மூக்கு சுருங்குகிறது.

உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டு, "சாரிங்க," என்றாள். சிரிப்பைவிட அந்த சாரிதான் சுருக்கென்றது.

 திரும்பி வரும்போது காரில் நான், வெளிநாட்டுப் பையர் சாம்பிளை மாட்டிப் பார்த்து, கழுத்து இறுக்கம், கை நீளம் என்று குறை எழுதி அனுப்புவதைப் பற்றிச் சொன்னேன். ஃபிட் கமென்ட்ஸ் என்போம். கமென்ட்ஸ் வராத சாம்பிள் குப்பைக்குப் போன சாம்பிள் என்றும் சொன்னேன். "ஓ," என்றாள்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுப் பார்த்தால் வாட்ஸப்பில் வந்திருக்கிறது. பக்கத்து அறையிலிருந்துதான் அனுப்பியிருக்கிறாள். "முதல் சாம்பிள். துணி இழுபடுகிறது. டேங்க் கீழே இறங்குகிறது. ஓடும்போது ஆடுகிறது. மறு சாம்பிள் தேவை."

வேலை தெரிந்த பையர். பாராட்டத்தான் வேண்டும்.

வலி: கவனிக்கவில்லை.

ஜூன் 18, புதன்

இரண்டாவது சாம்பிள். கேன்வாஸ் பை, பயணப் பைக்குப் போடும் நைலான் நாடா. அசையாது. ஆனால் டேங்க் முதுகெலும்பில் நேராக அழுத்துகிறது, உருளையை முதுகில் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்த மாதிரி. என் முதுகெலும்போ ஏற்கெனவே புகார் கொடுத்துக்கொண்டிருக்கும் ஆள்.

வழி சொன்னது சகுந்தலா அக்கா. பக்கத்துப் பிரிவில் பெண்கள் உள்ளாடைக்கு அச்சில் வார்த்த ஸ்பாஞ்ச் கப் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. "எலும்புக்கு அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு வெச்சுத் தைங்க மாஸ்டர். நடுவால பள்ளம் உட்டுப் போடலாம், எலும்புல படாது," என்றார். வைத்துத் தைத்தோம். சொர்க்கம். டேங்க் இருப்பதே தெரியவில்லை.

வீட்டில் வசுமதி உள்பக்கத்தைத் தடவிப் பார்த்து, "என்னங்க இது?" என்றாள். சொன்னேன். சோபாவில் விழுந்து சிரித்தாள். நிரு எட்டிப் பார்த்து, "என்னம்மா?" என்றாள். "ஒண்ணுமில்ல, போய்ப் படி!" என்றாள் வசுமதி. "சொல்லாட்டிப் போ, ஒண்ணும் வேணாம்!" என்று கதவைப் படார் என்று சாத்தினாள். இருவருக்கும் இடையில் ஒரு நாளைக்கு ஒரு கதவாவது படார் ஆகிறது. நான் வரும்போது மட்டும் அவள் கதவைப் பிடித்து மெதுவாக மூடுவாள், ஆஸ்பத்திரியில் மூடுவது போல.

ஜூன் 22, ஞாயிறு

மறுபடி தோல்வி, இந்த முறை பொம்மையால். கம்பெனியில் உடுப்பை மாட்டிப் பார்க்கும் பொம்மையின் மேல்தான் இரண்டாவது சாம்பிளின் அளவைச் சரிபார்த்திருந்தேன். என் சுற்றளவுக்கு ஒரு பொம்மை இருக்கிறது, அதற்கு டபுள் எக்ஸல் என்று பெயர். அது நிமிர்ந்தே நிற்கும். நான் டயருக்குப் பின்னால் குனிந்தேன். டேங்கின் மேல்முனை பின்மண்டையில் இடித்து முகமூடியைக் கண்ணுக்குக் கீழே தள்ளிவிட்டது. எனக்கு என் ஷூ மட்டும்தான் தெரிந்தது. சுட்டேன். சுட்டது ஷிஃபாவையாம். எங்கள் அணி.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் கமென்ட்ஸ் வந்துவிட்டது: "பொம்மை குனியாது. நீங்கள் குனிவீர்கள். பஞ்சு நன்றாக இருக்கிறது. அது என்ன பஞ்சு?"

"அது கம்பெனி ரகசியம்," என்று பதில் போட்டேன். சிரிக்கும் எமோஜிப் பொம்மை ஒன்று வந்தது. அதற்குப் பதிலாக என்ன அனுப்புவது என்று தெரியாமல் கைகூப்பும் பொம்மையை அனுப்பினேன். தப்போ என்னவோ.

ஜூன் 26, வியாழன்

மூன்றாவது சாம்பிள். டேங்கைத் தலைகீழாக்கினேன். திருகும் வாய் கீழே, அடிப்பாகம் மேலே, தோள்மட்டத்துக்கு நான்கு விரல் கீழே நிற்கும்படி. குழாய் வலது கைக்கு அடியில் வருகிறது. இரண்டு தோள்பட்டையையும் நெஞ்சில் இணைக்க ஒரு குறுக்கு நாடா. இடுப்பில் அகலப் பட்டை, கனம் தோளில் நிற்காமல் இடுப்பில் உட்கார.

மொட்டைமாடியில் மாட்டிப் பார்த்தோம். நிரு என் தோளில் கிடந்த அளவு டேப்பை எடுத்துக்கொண்டாள். "கையத் தூக்குங்க. இப்பக் குனிங்க. நல்லாக் குனிங்க. இடது பட்டை அரை இஞ்ச் லூசா இருக்குங்க." அவளே குண்டூசி குத்தினாள். என்னை மாடியைச் சுற்றி நடக்கவிட்டுப் பின்னாலேயே வந்து டேங்கைப் பார்த்தாள். வசுமதி துணி காயப்போட வந்தவள் காயப்போடாமல் வாளியோடு நின்றுகொண்டிருந்தாள்.

வலி: இல்லை. பிசியோ பெண்ணிடம் டேங்க் வைத்தியம் பற்றிச் சொல்லலாமா?

ஜூன் 29, ஞாயிறு

காலையில் சிவநேசன் வந்தார். வசுமதியின் தம்பி, எனக்கு மாப்பிள்ளை முறை. கட்டைப் பிரித்துவிட்டார், நன்றாக நடக்கிறார். நல்ல மனிதர், குறை சொல்ல ஒன்றுமில்லை. தகப்பன் போன பிறகு நிருவைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டது, ஸ்கூட்டர் கற்றுக்கொடுத்தது, எல்லாம் அவர்தான். வந்ததும் வராததுமாக அவள் அவரிடம் சண்டைக்குப் போய்விட்டாள். "லிப்ட் இருக்கறப்ப எதுக்கு மாமா படியில குதிச்சீங்க, பெரிய ஹீரோவா?" அவர் அவள் தலையில் ஒரு குட்டு வைத்தார். அவள் திருப்பிக் குட்டினாள்.

"மச்சான், காலு சரியாயிருச்சுங்க. வேணும்னா நான் ஆடறேன்," என்றார்.

நான் உடனே, "நீங்களே ஆடுங்க மாப்ள, அதுதான் முறை," என்றேன். அவளும் முதலில் கேட்டது அவரைத்தானே. யாரும் சொல்வதற்கு முன்னால் நாமே சொல்லிவிட்டால் மரியாதை. நிருவைப் பார்த்தேன்.

"சரிங்க," என்றாள். கதவு மெதுவாக மூடியது.

சிவநேசனுக்கு மார்பு குறுகல், உடம்பு நீளம். அளவெடுத்துக்கொண்டேன்.

ஜூலை 1, செவ்வாய்

பட்டையைச் சிவநேசன் அளவுக்குப் பிடித்துத் தைத்தாயிற்று. வலி இருக்கிறது.

ஜூலை 2, புதன்

வலி. டேங்கைத் தூக்கவில்லை, குனியவில்லை, ஒன்றுமே செய்யவில்லை. எதனால் வலித்தது என்று அந்தப் பெண் கேட்டால் என்ன எழுதுவது?

வாட்ஸப்பில் ஒன்றும் இல்லை.

ஜூலை 4, வெள்ளி

மத்தியானம் கட்டிங்கில் இருந்தேன். சகுந்தலா அக்கா வந்து, "மாஸ்டர், பாப்பா வந்துட்டுப் போச்சுங்க," என்றார்.

"எந்தப் பாப்பா?"

"உங்க பாப்பாதான்."

நிரு கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டுக் கம்பெனிக்கு வந்திருக்கிறாள். நேராகச் சகுந்தலா அக்காவிடம் போய், பட்டையை வாங்கி, தையல் பிரிக்கும் முள்ளைக் கேட்டு வாங்கி, பிடித்த தையலையெல்லாம் பிரித்துப் பழைய அளவுக்குத் தைக்கச் சொல்லியிருக்கிறாள். "மாமா அளவு எதுக்கு, இது அவருக்குத் தெச்சதுதானங்க அக்கா," என்றாளாம். நான் இருக்கிறேன், கூப்பிடட்டுமா என்று அக்கா கேட்டதற்கு வேண்டாம் என்றாளாம்.

சாயங்காலம் சிவநேசன் போன் செய்தார். "மச்சான், என்னய ஆளை உடுங்க. பாப்பா நேத்து வீட்டுக்கு வந்து ஒரு புடி புடிச்சுட்டா. 'அவரு ஒரு மாசமா வெய்யில்ல நின்னு பழகியிருக்காரு, நீங்க எப்படி மாமா இடையில வர்றேன்னு சொல்லலாம்'னு. நான் வேணும்னாத்தான ஆடறேன்னேன்? நீங்கதான என்னயத் தள்ளி உட்டீங்க? திட்டு மட்டும் எனக்கா?"

நான் சிரித்தேன். போனை வைத்தபிறகு சிரிப்பு நின்றுவிட்டது. இந்தப் பக்கத்தைப் பிசியோ பெண்ணிடம் காட்டப்போவதில்லை, எழுதிவிடுகிறேன். தப்பு செய்தவன் நான், அவள் கோபித்துக்கொண்டது சிவநேசனிடம். என்னிடம் இன்று இரவும், "ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்குக் கெளம்பணுங்க," என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு அந்த ஆள்மேல் பொறாமையாக இருக்கிறது. அவர் அவள் தலையில் குட்டியதைப் பார்த்ததிலிருந்தே இருக்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

விரிவாக எழுத வேண்டும், கை ஒத்துழைத்தால்.

வசுமதி, சிவநேசன் இருவரும் பார்க்க வந்தார்கள். வசுமதி குடையோடும் ஒரு தூக்கு நிறையப் புளிசாதத்தோடும். முதல் இரண்டு ஆட்டமும் எங்களுக்கு. நான் டயர் அடுக்குக்குப் பின்னால் முளை அடித்த மாதிரி நின்று, குனிந்து, நிமிர்ந்து, விடாமல் சுட்டேன். டேங்க் முதுகில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. வேறு அணிப் பெரியவர் ஒருவர் வந்து, இந்தப் பட்டை எங்கே வாங்கினீர்கள் என்று விசாரித்தார். திருப்பூர் என்றேன்.

கடைசி ஆட்டம் கோபிச்செட்டிப்பாளையத்து அணியோடு. ஹரிணி சீக்கிரமே அவுட். நிரு இடதுபுறம் ஒரு நீல டிரம்முக்குப் பின்னால் போய்விட்டாள், கொடிக்குப் பக்கத்தில். அவர்கள் ஆட்கள் இரண்டு பேரை நான் எதிர்ச்சுவருக்குப் பின்னால் எழவிடாமல் சுட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் மூன்றாவது ஆள் டிரம்முக்கு வலதுபக்கப் புதருக்குள்ளிருந்து ஊர்ந்து வருவதைப் பார்த்தேன். ஆறடி உயரப் பையன். டிரம்மைச் சுற்றி வருகிறான். நிருவுக்கு அவன் தெரியவில்லை, முதுகு அவன் பக்கம்.

சாயம்தான். பட்டால் சுருக்கென்று வலிக்கும், துணியில் கறை படியும், அவ்வளவுதான். அது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ஓடிவிட்டேன்.

ஓடும்போது ஒன்றைக் கவனித்தேன். டேங்க் ஆடவில்லை. இடம் இல்லை, வலம் இல்லை, முதுகோடு முதுகாக என்னோடு ஓடி வந்தது. நான் இந்தப் பட்டையைப் போட்டுக்கொண்டு ஓடியதே இல்லை, நின்றால் போதும் என்றல்லவா சொல்லியிருந்தாள். என்ன ஒரு ஃபிட் என்று நினைத்துக்கொண்டே போய் அந்தப் பையனுக்கும் நிருவுக்கும் நடுவில் கையை விரித்து நின்றேன். நெஞ்சில் மூன்று மஞ்சள்.

அதற்குள், நான் விட்டுவிட்டு வந்த சுவருக்குப் பின்னாலிருந்து அந்த இரண்டு பேரும் எழுந்துவிட்டார்கள். ஷிஃபாவைச் சுட்டார்கள். திரும்பிப் பார்த்த நிருவைச் சுட்டார்கள். நடந்துபோய் எங்கள் கொடியைப் பிடுங்கினார்கள். ஓடிக்கூட இல்லை.

நிரு முகமூடியைக் கழற்றினாள். முகம் சிவந்து, கழுத்தெல்லாம் மஞ்சள் வழிந்தது.

"உங்கள யாரு வரச் சொன்னா?"

"அந்தப் பையன் கண்ணு, பின்னால..."

"அவன் வரட்டும்! எனக்குத் தெரியும் அவன் வர்றது! ஷிஃபா அவனத்தான் பாத்துக்கிட்டிருந்தா! நின்ன எடத்துல நிக்கச் சொன்னா நிக்க மாட்டீங்களா? ஒரே ஒரு வேலை குடுத்தேன், நிக்கறது! அதக்கூடச் செய்யத் தெரியாதா உங்களுக்கு? போன வாரமும் இப்பிடித்தான், யாரும் கேக்காம நீங்களா 'மாப்ள ஆடட்டும்'னு பெருந்தன்மை! என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா? எல்லாத்தையும் நீங்களே முடிவு பண்ணுவீங்களா?"

மைதானமே பார்த்தது. சிவநேசன் நடுவில் வந்து, "பாப்பா, விடு சாமி, போதும்," என்றார். "நீங்க சும்மா இருங்க மாமா!" என்றாள். வசுமதி குடையை மடக்கிக்கொண்டு வந்தாள். "பெரியவங்ககிட்ட இப்படித்தான் பேசறதா நிரு?"

"நீ சும்மா இரு வசு," என்றேன். "அவ பேசட்டும்."

பேசினாள். காரிலும் பேசினாள். அவிநாசியில் டீ குடிக்க நிறுத்தியபோது நின்றது, டீ முடிந்ததும் தொடர்ந்தது. நான் காரை வேண்டுமென்றே மெதுவாக ஓட்டினேன். வீட்டுக்கு வந்ததும் அவள் அறைக் கதவைப் படார் என்று சாத்தியதில் ஹாலில் காலண்டர் கீழே விழுந்தது. வசுமதி காரணமில்லை. சிவநேசன் வீட்டிலேயே இல்லை. அது எனக்காகச் சாத்திய கதவு.

ஜூலை 7, திங்கள்

நிரு என்னோடு பேசவில்லை. காலையில் இட்லித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் சட்னிக் கிண்ணத்தோடு கதவைத் தட்டினேன். "எனக்கு ஒண்ணும் வேணாம், போங்க!" என்று உள்ளிருந்து சத்தம் வந்தது. கிண்ணத்தை வாசலில் வைத்துவிட்டு வந்தேன். பிறகு பார்த்தபோது கிண்ணம் காலி.

வசுமதி அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்து, "அவ அங்க மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டிருக்கறா, நீங்க என்னங்க சிரிச்சுட்டு நிக்கறீங்க?" என்றாள்.

"இவளை எப்படிச் சமாதானப்படுத்தறது? எனக்குப் பழக்கமில்ல."

"ஒண்ணும் பண்ண வேண்டாங்க. ரெண்டு நாள் உட்டுப் போடுங்க. என்கிட்ட வர்ற மாதிரி தானா வந்து நிப்பா."

என்கிட்ட வர்ற மாதிரி என்றாள். இரண்டு நாள் என்ன, ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை.